அடுத்த வேலை கையில இல்லாம பேப்பர் போடலாமா? அம்பத்தூர்ல ஒரு சனிக்கிழமை போட்ட கணக்கு



2025 தொடக்கத்துல ஒரு நாள் காலையில எழுந்து போனைப் பார்த்தா, ராத்திரி 2:40-க்கு ஒரு மெசேஜ் வந்திருந்தது. "அண்ணா, நாளைக்கு பேப்பர் போடப் போறேன். வேற வேலை எதுவும் கையில இல்ல. பிஎஃப் பணத்தை எப்ப எடுக்கலாம்னு மட்டும் சொல்லுங்க."

நம்ம சேனல் பார்க்கிற ஒரு தம்பி. வயசு 27. அம்பத்தூர் எஸ்டேட்ல ஒரு கம்பெனியில கஸ்டமர் சப்போர்ட், நைட் ஷிப்ட். வீடு திருமுல்லைவாயல்ல. நான் பதில் போட்டேன்: "நாளைக்கு வேண்டாம். சனிக்கிழமை ஆபீஸுக்கு வாங்க, ஒரு மணி நேரம் கணக்கு போடுவோம். அதுக்கப்புறமும் விடணும்னு தோணினா, ராஜினாமா மெயிலை நானே எழுதித் தரேன்."

வந்தார். ஒன்றரை வருஷமா சரியான தூக்கம் இல்லை. டாக்டர்கிட்ட போனப்போ பிபி 150/100. "இந்த வயசுல இது வரக்கூடாது, முதல்ல தூக்கத்தைச் சரி பண்ணுங்க"ன்னு டாக்டர் சொல்லியிருக்கார். அப்பா எஸ்டேட்ல 31 வருஷம் லேத் ஓட்டினவர். இப்போ அவருக்கு வர்ற பிஎஃப் பென்ஷன் மாசம் 2,800 ரூபாய். அப்பா சொன்னது ஒரே வார்த்தை: "வேலையில இருந்துக்கிட்டே வேலை தேடு."

ரெண்டு பேர் சொல்றதுலயும் நியாயம் இருக்கு. இந்த மாதிரி நேரத்துல "மனசு சொல்றதைக் கேளுங்க"ன்னு சொல்றதும் தப்பு, "எப்பவுமே விடாதீங்க"ன்னு சொல்றதும் தப்பு. கணக்கு என்ன சொல்லுதுன்னு முதல்ல பார்க்கணும். அன்னைக்கு நாங்க போட்ட கணக்கை, அவரோட அனுமதியோட, அடையாளம் தெரியாதபடி சில விவரங்களை மாத்தி இங்க எழுதுறேன். அதுக்கப்புறம் மாறின சட்டங்களையும் சேர்த்திருக்கேன்.

முதல்ல என் கதை

நானும் ஒரு தடவை இப்படி விட்டவன்தான். சிஏ முடிச்சு மூணாவது வருஷம். ஒரு வெள்ளிக்கிழமை சாயங்காலம் கோபத்துல மெயில் அனுப்பிட்டு, படி பஸ் ஸ்டாப் வரைக்கும் சந்தோஷமா நடந்தே வந்தேன். கையில ரெண்டு மாசத்துக்கான காசு இருந்தது. "சிஏவுக்கு வேலை கிடைக்காதா"ன்னு ஒரு திமிர்.

மூணாவது மாசம் அம்மாவோட செயினை வங்கியில வெச்சு நகைக்கடன் வாங்கினோம். நாலாவது மாசம், முன்னாடி இருந்ததை விடக் கம்மி சம்பளத்துல, முன்னாடி இருந்ததை விட மோசமான ஒரு இடத்துல சேர்ந்தேன். இன்டர்வியூல சம்பளம் எவ்வளவு எதிர்பார்க்கிறீங்கன்னு கேட்டப்போ, "நீங்க பார்த்துக் கொடுங்க சார்"னு சொன்னது இன்னும் ஞாபகம் இருக்கு.

வேலை இல்லாத காலத்துல கையில இருக்கிற காசு சாப்பாட்டுக்கும் வாடகைக்கும் மட்டும் இல்லை. முதல்ல வர்ற மோசமான ஆஃபரை "வேண்டாம்"னு சொல்ற தெம்பும் அந்தக் காசுலதான் இருக்கு. காசு தீர்ற அன்னைக்கு அந்தத் தெம்பும் தீர்ந்துடும். கீழ இருக்கிற கணக்கு எல்லாமே அந்தத் தெம்பை எத்தனை நாள் வெச்சிருக்கலாம்ங்கிறதுக்குத்தான்.

2022 வேற, இப்போ வேற

"என் ஃப்ரெண்டு சும்மா விட்டான், ஒரே மாசத்துல 40 சதவீதம் ஹைக்கோட போயிட்டான்"னு ஒரு கதை எல்லா ஆபீஸ்லயும் இருக்கும். அது எந்த வருஷம்னு கேளுங்க. பெரும்பாலும் 2021 இல்ல 2022.

2022 ஜூன் காலாண்டுல இன்ஃபோசிஸ்ல வேலையை விட்டுப் போனவங்க விகிதம் 28.4 சதவீதம். அதே வருஷம் செப்டம்பர் காலாண்டுல டிசிஎஸ்ல 21.5 சதவீதம். வெளியில ஆள் தேவை அவ்வளவு இருந்ததால அத்தனை பேர் விட்டாங்க. 2025 மார்ச்ல டிசிஎஸ்ஸோட அந்த விகிதம் 13.3-க்கு இறங்கியிருந்தது. அதே வருஷம் ஜூலையில, மொத்த ஊழியர்கள்ல சுமார் 2 சதவீதம், அதாவது 12,000-க்கும் மேல ஆட்களைக் குறைக்கப் போறதா அந்த நிறுவனமே அறிவிச்சது.

இதனால வேலையே கிடைக்காதுன்னு அர்த்தம் இல்லை. 2022-ல விட்ட நண்பரோட கணக்கை வெச்சு நீங்க இப்போ முடிவு பண்ணக் கூடாது, அவ்வளவுதான்.

கணக்கு 1: உங்க மாதச் செலவு நீங்க நினைக்கிறது இல்லை

"மாசம் எவ்வளவு செலவு தம்பி?"ன்னு கேட்டேன். யோசிக்காம சொன்னார்: "26 ஆயிரம்ணா. வாடகை, மளிகை, கரண்ட் பில். அவ்வளவுதான்."

பேங்க் ஸ்டேட்மென்டை எடுத்து ஆறு மாசத்தையும் வரி வரியா பார்த்தோம். வந்தது இது:

வீட்டு வாடகை, தண்ணி, மெயின்டனன்ஸ்: 12,500
மளிகை, பால், காய்கறி, கேஸ்: 11,000
கரண்ட், போன், நெட்: 2,500
தங்கச்சி கல்யாணத்துக்கு வாங்கின பர்சனல் லோன் இஎம்ஐ: 8,200
பைக் இஎம்ஐ: 3,300
அப்பா அம்மா மருந்து: 2,500
பெட்ரோல், இதர செலவு: 3,000
மொத்தம்: 43,000

கைக்கு வர்ற சம்பளம் 46,000. அப்பாவோட பென்ஷன் 2,800-ஐக் கழிச்சா, இவர் மாசாமாசம் புரட்ட வேண்டியது 40,200 ரூபாய்.

26 ஆயிரத்துக்கும் 40 ஆயிரத்துக்கும் ஏன் இவ்வளவு வித்தியாசம்? அவர் பொய் சொல்லலை. இஎம்ஐ 5-ம் தேதி தானா போயிடுது, அதனால அது செலவுன்னே மனசுல பதியலை. நீங்களும் மனக்கணக்கு போடாதீங்க. ஆறு மாச ஸ்டேட்மென்டைக் கூட்டி ஆறால வகுங்க. தீபாவளி, ஸ்கூல் ஃபீஸ், வண்டி இன்சூரன்ஸ் மாதிரி வருஷத்துக்கு ஒரு தடவை வர்றதை 12-ஆல வகுத்து அதையும் சேருங்க.

கணக்கு 2: எத்தனை மாசம் தாங்கும்?

அவர்கிட்ட இருந்தது: சேமிப்புக் கணக்குல 62,000, எஃப்டி 80,000, மியூச்சுவல் ஃபண்ட் 55,000. மொத்தம் 1,97,000. பிஎஃப்ல தனியா 1,90,000.

அவர் போட்ட கணக்கு: ரெண்டையும் கூட்டினா 3,87,000. அதை 26,000-ஆல வகுத்தா கிட்டத்தட்ட 15 மாசம். "ஒரு வருஷம் ஜாலியா ஓட்டலாம்ணா."

நான் போட்ட கணக்கு வேற. பிஎஃப்பை முதல்ல ஒதுக்கி வெச்சோம் (காரணம் பின்னாடி வருது). அடுத்து, கம்பெனி கொடுத்த ஹெல்த் இன்சூரன்ஸ் போயிடும். அவருக்கும் அப்பா அம்மாவுக்கும் தனியா எடுக்க வந்த கொட்டேஷன் வருஷத்துக்கு 54,000. அதைக் கழிச்சா மிச்சம் 1,43,000. இதை 40,200-ஆல வகுத்தா மூன்றரை மாசம்.

மூன்றரை மாசம் வேலை தேடலாம்னு நினைச்சா அதுவும் தப்பு. நிறையப் பேர் கோட்டை விடுறது இங்கதான். நீங்க எண்ண வேண்டியது கடைசிச் சம்பளத்துக்கும் அடுத்த முதல் சம்பளத்துக்கும் நடுவுல இருக்கிற இடைவெளியை. இன்டர்வியூ முடிஞ்சு ஆஃபர் லெட்டர் கைக்கு வர ரெண்டு வாரம், சேர்ற தேதி வரைக்கும் ஒரு வாரமோ ரெண்டு வாரமோ, சேர்ந்த பிறகு முதல் சம்பளம் வர ஒரு மாசம். எல்லாம் சேர்த்தா ஒன்றரை மாசத்துல இருந்து ரெண்டு மாசம் ஆயிடும். மூன்றரையில அதைக் கழிங்க. உண்மையில வேலை தேடக் கிடைக்கிற நேரம் ரெண்டு மாசம்கூட இல்லை.

15 மாசம் எங்க, ரெண்டு மாசம் எங்க! தம்பி கொஞ்ச நேரம் பேசவே இல்லை.

எத்தனை மாசக் காசு வேணும்னு கேட்டா, என் அளவுகோல் இது: தனி ஆள், கடன் இல்லை, வீட்ல வேற சம்பளம் இருக்குன்னா 4 மாசம். உங்க சம்பளத்தை நம்பி அப்பா அம்மா இருந்தா 6 மாசம். ஹோம் லோன், குழந்தை எல்லாம் இருந்தா 9 மாசம். இது எந்தச் சட்டமும் இல்லை, நான் பார்த்த கேஸ்களை வெச்சு சொல்றது.

கணக்கு 3: வெளிய வர்றதுக்கு ஆகுற செலவு

அப்பாயின்ட்மென்ட் லெட்டரைத் தேடி எடுங்க. மூணு வரிகளைப் படிங்க.

ஒண்ணு, நோட்டீஸ் பீரியட் 30 நாளா, 60-ஆ, 90-ஆ. அதை முடிக்காம போனா எவ்வளவு பிடிப்பாங்க, பேசிக் சம்பளத்துலயா, மொத்தச் சம்பளத்துலயா. அப்படிப் பிடிக்கிற தொகைக்கு ஜிஎஸ்டி கிடையாதுன்னு 2022 ஆகஸ்ட் 3-ல மறைமுக வரிகள் வாரியம் சுற்றறிக்கையில தெளிவா சொல்லிடுச்சு. உங்க செட்டில்மென்ட்ல ஜிஎஸ்டின்னு ஒரு வரி இருந்தா கேள்வி கேளுங்க.

ரெண்டு, பாண்ட். "பாண்டெல்லாம் கோர்ட்ல நிக்காது"ன்னு யாராவது சொல்லுவாங்க. 2025 மே 14-ல உச்ச நீதிமன்றம் விஜயா வங்கி வழக்குல கொடுத்த தீர்ப்பைப் பாருங்க. 2007-ல சேர்ந்த ஒரு அதிகாரி, மூணு வருஷம் இருக்கணும், இல்லைன்னா 2 லட்சம் கட்டணும்னு பாண்ட் எழுதிக் கொடுத்திருந்தார். 2009-ல வேற வங்கிக்குப் போக ராஜினாமா பண்ணினார். 2 லட்சத்தையும் எதிர்ப்பு தெரிவிச்சுக்கிட்டே கட்டிட்டு, கேஸ் போட்டார். கர்நாடக உயர் நீதிமன்றத்துல ஜெயிச்சார். உச்ச நீதிமன்றத்துல வங்கி ஜெயிச்சது. ஒரு பொதுத்துறை வங்கி பெரிய ஆள் தேர்வு நடத்தி எடுத்த அதிகாரி நடுவுல போனா ஆகுற செலவைப் பார்த்தா, இந்தத் தொகை நியாயம்தான்னு நீதிமன்றம் சொன்னது. இதனால எல்லா பாண்டும் செல்லும்னு ஆயிடாது. தொகை நியாயமா இருக்கணும். ஆனா எந்த பாண்டுமே செல்லாதுன்னு நம்பி மெயில் அனுப்பாதீங்க.

மூணு, மீதி இருக்கிற லீவுக்குக் காசு தருவாங்களா, இல்லை நோட்டீஸ்ல கழிச்சுக்குவாங்களா.

இன்னொண்ணு. சொல்லாம கொள்ளாம நின்னுடுறது, அதான் ஆப்ஸ்காண்டிங், அது வேண்டவே வேண்டாம். ரிலீவிங் லெட்டர் கிடைக்காது. அடுத்த கம்பெனியோட பேக்ரவுண்ட் செக்ல உங்க பிஎஃப் சர்வீஸ் ஹிஸ்டரி அப்படியே தெரியும். பழைய கம்பெனி உங்க வெளியேறின தேதியைப் போடாம விட்டா, கடைசி பங்களிப்பு வந்து ரெண்டு மாசம் கழிச்சு பிஎஃப் போர்ட்டல்ல நீங்களே அந்தத் தேதியைப் பதிவு பண்ணலாம்.

உங்களுக்கு வர வேண்டியது

ஊதியச் சட்டத் தொகுப்பு 2025 நவம்பர் 21-ல நடைமுறைக்கு வந்தது. அதுப்படி, நீங்களா ராஜினாமா பண்ணினாலும் சம்பளப் பாக்கியை 2 வேலை நாளுக்குள்ள கொடுக்கணும். சட்டம் அப்படி. ஆனா நிறைய கம்பெனிகள் கடைசி மாசச் சம்பளத்தை நிறுத்தி வெச்சு, 30, 45 நாள் கழிச்சு ஃபைனல் செட்டில்மென்ட்டோட கொடுத்துப் பழகியிருக்காங்க. சட்டத்தைக் காட்டி உரிமையைக் கேளுங்க. திட்டம் போடும்போது மட்டும் 45 நாள்னே வெச்சுக்கோங்க.

கிராஜுவிட்டி: அஞ்சு வருஷம் முடிச்சிருந்தா, கடைசி பேசிக் + டிஏவை 15-ஆல பெருக்கி, 26-ஆல வகுத்து, சர்வீஸ் வருஷங்களால பெருக்கணும். பேசிக் 24,000, சர்வீஸ் 5 வருஷம்னா 69,231 ரூபாய். நாலே முக்கால் வருஷத்துல கோபத்துல விட்டுட்டு இந்தத் தொகையை இழந்தவங்க இருக்காங்க. இங்க ஒரு தமிழ்நாட்டுத் தீர்ப்பு தெரிஞ்சிருக்கணும். மேட்டூர் பியர்ட்செல் வழக்குல 1998-ல சென்னை உயர் நீதிமன்றம், நாலு வருஷம் முடிச்சு அஞ்சாவது வருஷத்துல 240 நாள் வேலை பார்த்திருந்தாலே அஞ்சு வருஷமா எடுத்துக்கலாம்னு சொன்னது. ஆனா எல்லா ஹெச்ஆரும் இதை உடனே ஒத்துக்க மாட்டாங்க. அதனால அஞ்சு வருஷத்துக்கு சில வாரம்தான் பாக்கின்னா, கடைசி வேலை நாள் அந்தத் தேதியைத் தாண்டி விழுற மாதிரி மெயில் அனுப்புங்க. சண்டையே இல்லாம காசு வரும்.

பிஎஃப்பை ஏன் ஒதுக்கி வெச்சோம்?

தம்பியோட முதல் கேள்வியே பிஎஃப்தான். முன்னாடி, வேலை இல்லாம ஒரு மாசம் ஆனா 75 சதவீதம், ரெண்டு மாசம் ஆனா முழுசும் எடுக்கலாம்னு இருந்தது. 2025 அக்டோபர் 13-ல பிஎஃப் மத்திய அறங்காவலர் குழு எடுத்த முடிவுப்படி, வேலை போனதும் 75 சதவீதம் வரை எடுக்கலாம். மீதி 25 சதவீதத்தோட முழுசா கணக்கை முடிக்க 12 மாசம் வேலை இல்லாம இருக்கணும். பென்ஷன் பணத்தை எடுக்க 36 மாசம். நீங்க விண்ணப்பிக்கிற அன்னைக்கு போர்ட்டல் என்ன காட்டுதுன்னு பார்த்துக்கோங்க. நம்ம ஏரியாவுக்கான அம்பத்தூர் மண்டல பிஎஃப் அலுவலகம் முகப்பேர் கிழக்குல இருக்கு.

எடுக்க முடியும்ங்கிறதுக்காக எடுக்கணும்னு இல்லை. தொடர் சர்வீஸ் அஞ்சு வருஷம் ஆகறதுக்கு முன்னாடி 50,000-க்கு மேல எடுத்தா, பான் கொடுத்திருந்தாலே 10 சதவீதம் டிடிஎஸ் பிடிப்பாங்க. பழைய கம்பெனியில இருந்து டிரான்ஸ்ஃபர் பண்ணின சர்வீஸும் இந்த அஞ்சு வருஷத்துல சேரும். பென்ஷனுக்கு 10 வருஷ சர்வீஸ் வேணும். பென்ஷன் பணத்தையும் எடுத்துட்டா அந்த எண்ணிக்கை திரும்ப பூஜ்யத்துல இருந்து ஆரம்பிக்கும்.

2024-25-க்கு பிஎஃப் வட்டி 8.25 சதவீதம். இதே வட்டி தொடர்ந்தா, தம்பியோட 1,90,000 ரூபாய் 30 வருஷத்துல, ஒரு ரூபாய்கூடப் போடாமலே, சுமார் 20 லட்சம் ஆகும். நாலு மாச மளிகைக்கும் வாடகைக்கும் அதைக் கரைக்கணுமா? வேற வழியே இல்லைன்னா எடுங்க, குற்றவுணர்ச்சி வேண்டாம். ஆனா அது கடைசிப் பை. ஒரு சின்ன விஷயம்: வேலையை விட்ட பிறகு கணக்குல சேர்ற வட்டிக்கு வரி உண்டு.

மெயில் அனுப்புறதுக்கு முன்னாடி இன்சூரன்ஸ்

கம்பெனி ஹெல்த் கவர் பெரும்பாலும் கடைசி வேலை நாளோட முடிஞ்சிடும். தனி பாலிசி எடுத்தா விபத்தைத் தவிர மத்ததுக்கு முதல் 30 நாள் காத்திருப்பு உண்டு. ஏற்கெனவே இருக்கிற நோய்களுக்கு அதிகபட்சம் 3 வருஷம் வரை இருக்கலாம். முன்னாடி இது 4 வருஷமா இருந்தது, 2024-ல காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையம் குறைச்சது. அந்தக் கடிகாரம் எவ்வளவு சீக்கிரம் ஓட ஆரம்பிக்குதோ அவ்வளவு நல்லது. அதனால சம்பளம் வந்துக்கிட்டு இருக்கும்போதே எடுத்துடுங்க. கம்பெனி குரூப் பாலிசியில இருந்து அதே இன்சூரன்ஸ் நிறுவனத்தோட தனி பாலிசிக்கு மாற முடியுமான்னும் ஹெச்ஆர்கிட்ட கேளுங்க, காத்திருப்புக் காலம் மிச்சமாகலாம். 2025 செப்டம்பர் 22-ல இருந்து தனிநபர் ஹெல்த், டெர்ம் பாலிசிகளுக்கு ஜிஎஸ்டி கிடையாது.

தம்பி கேட்டார்: "பிபி இருக்குன்னு சொன்னா பிரீமியம் ஏறுமேண்ணா?" ஏறினாலும் சொல்லித்தான் ஆகணும். மறைச்சா, நாளைக்கு ஆஸ்பத்திரியில கிளெய்ம் பண்ணும்போது அதையே காட்டி மறுப்பாங்க.

கடனை அடைச்சிட்டு விடலாமா?

"எஃப்டியை உடைச்சு பைக் லோனை முடிச்சிடவா?"ன்னும் கேட்டார். பாக்கி 38,000. அடைச்சா மாசம் 3,300 மிச்சம். நாலு மாசத்துல மிச்சமாகறது 13,200. ஆனா கையை விட்டுப் போறது 38,000. சாதாரண காலத்துல கடனை அடைக்கிறது நல்ல பழக்கம்தான். வேலை இல்லாத காலத்துல கையில காசு இருக்கிறதுதான் முக்கியம். அடைச்ச காசை பேங்க் அவ்வளவு சுலபமா திருப்பித் தராது, சம்பளச் சீட்டு இல்லாதவங்களுக்கு புது லோனும் கிடைக்காது.

விதிவிலக்கு கிரெடிட் கார்டு பாக்கி. மாசம் 3 சதவீதத்துக்கு மேல வட்டி ஓடும். அதை வெச்சுக்கிட்டு வேலையை விடாதீங்க, முதல்ல முடிங்க. அப்புறம், இஎம்ஐயைத் தவற விடாதீங்க. 90 நாள் தாண்டினா வங்கி அதை வாராக்கடன்ல போட்டுடும். கட்ட முடியாதுன்னு தெரிஞ்சா, தவறுறதுக்கு முன்னாடியே போய்ப் பேசுங்க.

வருஷ நடுவுல விட்டா வரி திரும்ப வரும்

இது பலருக்குத் தெரியாத நல்ல செய்தி. உதாரணமா, மாசம் 1,20,000 சம்பளம். கம்பெனி வருஷத்துக்கு 14,40,000-ன்னு கணக்கு போட்டு டிடிஎஸ் பிடிக்கும். 2025-26 புதிய வரி முறையில 75,000 நிலையான கழிவு போக வரி, செஸ்ஸோட 88,140. மாசத்துக்கு 7,345. நீங்க செப்டம்பர் கடைசியில விட்டு, அந்த நிதியாண்டு முடியற வரைக்கும் வேற வருமானமே இல்லைன்னா, மொத்த வருமானம் 7,20,000. வரி பூஜ்யம். பிடிச்ச 44,070 ரூபாயும் ஐடிஆர் போட்டா திரும்ப வரும். ஆனா நிதியாண்டு முடிஞ்ச பிறகுதான் வரும், இதை மாதச் செலவுக்கு நம்பாதீங்க.

இதுக்கு நேர் எதிரா ஒரு பொறியும் இருக்கு. அதே வருஷத்துல புது வேலை கிடைச்சா, பழைய சம்பள விவரத்தைப் புது கம்பெனியில கொடுத்துடுங்க. இல்லைன்னா ரெண்டு பேரும் தனித்தனியா கழிவு கொடுத்து வரியைக் கம்மியா பிடிப்பாங்க, ஜூலையில மொத்தமா நீங்க கட்டணும்.

இந்தக் கணக்கு எதுவும் பொருந்தாத இடம்

சில சூழ்நிலைகள்ல ஆறு மாசம் சேர்த்துட்டுப் போங்கன்னு நான் சொல்ல மாட்டேன். மாசக்கணக்கா சம்பளமே தரலை, பொய்க் கணக்குல கையெழுத்துப் போடச் சொல்றாங்க, பாலியல் தொல்லை, உடம்புக்கோ உயிருக்கோ ஆபத்துன்னா, முதல்ல வெளிய வாங்க. ஆதாரங்களை, மெயில், மெசேஜ், சம்பளச் சீட்டு எல்லாத்தையும் சொந்த இடத்துல பத்திரப்படுத்திக்கோங்க. பணத்துக்கு சொந்தபந்தம், நகைக்கடன், பிஎஃப், எதுவா இருந்தாலும் பரவாயில்லை. என் அம்மா செயின் வங்கியில இருந்தது, ஒன்றரை வருஷத்துல மீட்டோம். உடம்பை அப்படி மீட்க முடியாது.

தம்பி என்ன பண்ணினார்?

அவரோட கேஸ் நடுவுல நின்னது. உடம்பு கெட்டுக்கிட்டு இருந்தது, ஆனா கையில ரெண்டு மாசம்தான். அதனால அன்னைக்கு மூணு முடிவு எடுத்தோம்.

முதல்ல, டாக்டர் லெட்டரோட 12 நாள் லீவு. பகல் ஷிப்ட் கேட்டு ஒரு மெயில். லீவு கிடைச்சது, பகல் ஷிப்ட் கிடைக்கலை.

அடுத்து, ராஜினாமாவை ரெண்டு மாசம் தள்ளிப் போட்டார். அப்புறம் 90 நாள் நோட்டீஸை முழுசா முடிச்சார். மொத்தம் அஞ்சு சம்பளம். நோட்டீஸ் பீரியடை ஜெயில் மாதிரி நினைக்காதீங்க, அது சம்பளத்தோட வேலை தேடுற காலம். வீட்டுச் செலவை மாசம் 5,000 குறைச்சாங்க. அஞ்சு மாசத்துல 54,000 சேர்ந்தது, அது அப்படியே இன்சூரன்ஸ் பிரீமியத்துக்குப் போச்சு. 1,97,000 தொடாம நின்னது. மாதத் தேவை 35,200-ஆ இறங்கியிருந்தது. மூன்றரை மாசமா இருந்தது அஞ்சரை மாசம் ஆச்சு.

கடைசி வேலை நாள் வந்தப்போ கையில ஆஃபர் எதுவும் இல்லை. கடைசிச் சம்பளம் 40 நாள் கழிச்சுதான் வந்தது.

அஞ்சாவது வாரம் ஒரு ஆஃபர். பழைய சம்பளத்தை விட 5,000 அதிகம். ஆனா திரும்பவும் நைட் ஷிப்ட். போன் பண்ணினார். "பேங்க்ல எவ்வளவு இருக்கு?"ன்னு மட்டும் கேட்டேன். சொன்னார். "அப்போ முடிவு உங்களோடது"ன்னேன். வேண்டாம்னு சொல்லிட்டார். அப்பா ரெண்டு நாள் அவர்கூடப் பேசவே இல்லையாம்.

பதினோராவது வாரம் பூந்தமல்லி பக்கம் ஒரு கம்பெனியில ஆஃபர். பகல் ஷிப்ட், சம்பளம் பழசை விட 4,000 கம்மி. சேர்ந்துட்டார். கடைசி வேலை நாளுக்கும் புது வேலையோட முதல் சம்பளத்துக்கும் நடுவுல நாலு மாசம். அன்னைக்கு அவர் கணக்குல மிச்சம் 56,000 சொச்சம். பிஎஃப் டிரான்ஸ்ஃபர் ஆச்சு, ஒரு ரூபாய்கூட எடுக்கலை. போன மாசம் பிபி 130/86.

இன்னும் ரெண்டு மாசம் இழுத்திருந்தா கதை வேற மாதிரி போயிருக்கும்னு அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். ஆனா அன்னைக்கு ராத்திரி 2:40-க்கே மெயில் அனுப்பியிருந்தா, அஞ்சாவது வாரம் வந்த நைட் ஷிப்ட் ஆஃபரை அவரால வேண்டாம்னு சொல்லியிருக்க முடியாது.

நீங்க இந்த வாரம் பண்ண வேண்டியது

1. ஆறு மாச பேங்க் ஸ்டேட்மென்டைக் கூட்டி, ஆறால வகுங்க.
2. பிஎஃப் இல்லாம கையில இருக்கிறதைக் கூட்டி, ஒரு வருஷ ஹெல்த் பிரீமியத்தைக் கழிச்சு, அதை மாதச் செலவால வகுங்க. வர்றதுல ரெண்டு மாசத்தைக் கழிங்க.
3. அப்பாயின்ட்மென்ட் லெட்டர்ல நோட்டீஸ், பாண்ட், லீவு, மூணையும் படிங்க. சேர்ந்த தேதியைப் பார்த்து கிராஜுவிட்டிக்கு எத்தனை நாள் பாக்கின்னு எண்ணுங்க.
4. சம்பளச் சீட்டு, ஃபார்ம் 16, பிஎஃப் பாஸ்புக் எல்லாத்தையும் சொந்த மெயிலுக்கு இறக்கி வெச்சுக்கோங்க. கடைசி நாளுக்கு அப்புறம் லாகின் இருக்காது.
5. வந்த எண்ணை வீட்ல காட்டுங்க. "விடப் போறேன்"னு சொன்னா சண்டை வரும். "நம்மகிட்ட இத்தனை மாசம் இருக்கு, இந்தச் செலவைக் குறைச்சா இத்தனை மாசம் ஆகும்"னு பேப்பர்ல காட்டினா, அப்பாவும் பேனாவை எடுத்துக்கிட்டு பக்கத்துல உட்காருவார்.

தம்பி வீட்ல அப்படித்தான் நடந்தது. மாசம் 5,000 செலவைக் குறைச்சோம்னு சொன்னேன்ல, அதுல 1,800 ரூபாய்க்கான வழியைச் சொன்னது லேத் ஓட்டின அந்த அப்பாதான்.